விசில் கொடுக்காத கண்டக்டர்

இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம். கண்ணுல சொட்டு மருந்து விட்டுட்டாங்க, எதுக்க இருக்கிறது ஆளா தூணான்னு தெரியல. தம்பின்னு கூப்பிட்டுட்டேன், மூத்த ஆளா இருந்தா கோவிச்சுக்கிடாதீங்க. இருமுற சத்தம் தம்பி மாதிரி இருந்துச்சு. சத்தம் போட்டுப் பேசுனா அந்த நர்ஸம்மா வந்து அதட்டுது. அதான் கிட்டக் கூப்பிட்டேன்.

எனக்குக் கண்ணுல ஒன்னும் கிடையாது. அதை முதல்லயே சொல்லிருதேன். நான் துணைக்கு வந்தவன். என் கூட்டாளி திரவியம், ஞானதிரவியம்னு முழுப்பேரு, அவனுக்குத்தான் புரை. உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. எனக்கும் எதுக்குப் பச்சைச் சட்டைன்னு கேக்கீங்களா? துணைக்கு வாரவங்களும் சுத்தமா இருக்கணுமாம். சொட்டு மருந்தும் அதுக்குத்தான் இருக்கும். காலையில ஒரு பொண்ணு வந்து, "ஐயா, உங்களுக்குத்தான் ஆபரேசன், பயப்படாதீங்க"ன்னு தெளிவா சொல்லிச்சு. பாவம், கூட்டத்துல அதுக்கு ஆள் மாறிப்போச்சு. கையெழுத்து கேட்டுச்சு. ஒரு கையெழுத்துக்காக அந்தப் புள்ளையோட வழக்குப் பேசவான்னு போட்டுக் குடுத்தேன்.

கையைக் கக்கத்துல வச்சிருக்கேனேன்னு பாக்கீங்களா? அது ஏ.சி. தம்பி. எங்க வண்டியில ஏ.சி. கிடையாதுல்லா, பழக்கம் இல்ல.

ஆமா, பஸ் டிரைவரு. டவுன்ல இருந்து ஆலங்கிணறு போற வண்டி. வண்டிக்கு நம்பர் இருக்கு, ஆனா ஒருத்தனும் நம்பர் சொல்ல மாட்டான். "கொம்பையா வண்டி போயிட்டா?"ன்னுதான் கேப்பான். கொம்பையா நாந்தான். என் வண்டியில திரவியம் கண்டக்டர். எத்தனை வருசம்னு கேட்டா, அவன் மக மெர்சி பொறந்த சேதி வந்தப்ப நான் வண்டியை ஓட்டிக்கிட்டிருந்தேன், இப்ப அது காலேசு போகுது. அவ்வளவு வருசம். டிரைவரும் கண்டக்டரும் புருசன் பொண்டாட்டி மாதிரி தம்பி. அவுக அடுப்படியிலயும் வாசல்லயும் இருப்பாக, நாங்க முன்னாலயும் பின்னாலயும். மூஞ்சியைப் பாத்துக்கிட மாட்டோம். விசில்தான் பேச்சு. ஒத்த விசில்னா நிறுத்து. ரெட்டை விசில்னா எடு.

நல்லாத்தான் இருந்தோம். ஒரு ஐப்பசி மாசம் அவனுக்குப் புத்தி மாறிப்போச்சு.

ஆலங்கிணறு விலக்குல, ஊருக்கு ரோடு பிரியிற இடத்துல, ஒரு புள்ளை சைக்கிள்ல வந்துச்சு. பொழுது விழுகுற நேரம். சைக்கிள்ல லைட்டு இல்ல, மணி இல்ல. வண்டி உரசிட்டு. உரசத்தான் செஞ்சுது, ஏறல. சைக்கிள் நெளிஞ்சுபோச்சு, புள்ளை வேலிக்கருவைக்குள்ள போய் விழுந்துட்டு. முள்ளு கீறுன ரத்தம், வேற ஒன்னும் இல்ல. ஊரு கூடிட்டு. திரவியம்தான் இறங்கிப் பேசி, சைக்கிளை வண்டி மேல ஏத்தி, புள்ளையைத் தன் சீட்டுல உக்கார வச்சு வீடு வரைக்கும் கொண்டுபோயி விட்டான். நான் சீட்டைவிட்டு இறங்கல. டிரைவர் இறங்குனா அடி விழும்.

டிப்போவுக்கு வந்து டீ குடிக்கையில நான் சொன்னேன், சாம்பல் நிறத்துல உடுத்திக்கிட்டு மசமசன்னு வந்தா எந்த டிரைவருக்குத்தான் தெரியும்னு. அவன் டம்ளரை வச்சான்.

"மஞ்சள் உடுத்தியிருந்தா, அண்ணாச்சி."

அவ்வளவுதான் சொன்னான். நான் சிரிச்சேன். கண்டக்டருக்கு வண்டிக்குள்ள மஞ்ச பல்பு வெளிச்சம், எல்லாம் மஞ்சளாத்தான் தெரியும்.

மறுநாள்ல இருந்து பய பின் சீட்டுல உக்காரதை விட்டுட்டான். டிக்கெட் போட்டு முடிச்சதும் ஓடிவந்து இஞ்சின் பொட்டி பக்கத்துல என் தோளோட ஒட்டிக்கிட்டு நிப்பான். வாய் ஓயாது. அண்ணாச்சி, இடது பக்கம் ஆட்டுக்கிடை. அண்ணாச்சி, முன்னால டிராக்டர், லைட்டு இல்ல. அண்ணாச்சி, வேகத்தடை. அந்த வேகத்தடையை எனக்கு அது போட்ட நாளா தெரியும். வயசாக வயசாகச் சில பேருக்கு இப்படி வாய் நீண்டு போகும்னு விட்டுட்டேன். ஆனா ஒன்னு, அவன் சொல்லிச் சொல்லி எனக்கும் அது பழகிப்போச்சு. ஒரு நாள் அவனுக்குத் தொண்டை கட்டிப் பேசாம நின்னான். அன்னைக்கு நான் வண்டியை மாட்டு வண்டி வேகத்துலதான் கொண்டுபோனேன். அவன் மேல இரக்கப்பட்டுத்தான்.

அதே மாசம் மெர்சி நம்ம வண்டியில வாரதை நிறுத்திட்டு. விடியக்கருக்கல்ல போற வேற வண்டியில போகுதாம். எதுக்குவே புள்ளையைத் தூக்கம் கெடுக்கன்னு கேட்டேன். ஸ்பெசல் கிளாசு அண்ணாச்சின்னான். நம்ம வண்டி வாரதுக்கு ஒரு மணி நேரம் முன்னால தினமும் ஸ்பெசல் கிளாசு நடத்துற காலேசை நான் எங்கயும் கேள்விப்பட்டது இல்ல. சரி, அவன் மக, அவன் பாடு.

அப்பத்தான் பயிற்சின்னு உத்தரவு வந்துச்சு. திண்டுக்கல்லுக்கு அங்கிட்டு ஒரு பயிற்சி மையம். ஒரு வாரம். டீசல் சிக்கனம், பாதுகாப்பு, பயணிகள்கிட்டக் கனிவு, இப்படி. டிப்போ மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் குடுத்தார். குடுக்கும்போது என் மூஞ்சியைப் பாக்கல, பின்னால நின்ன திரவியத்தைப் பாத்தார். எனக்குப் பெருமையா இருந்துச்சு. நல்ல டிரைவரைத்தான அனுப்புவாங்க. கண்டக்டருக்கும் அங்கேயே மெசின்ல டிக்கெட் போடுற வகுப்பு இருக்குன்னு திரவியம் தானே கேட்டு வாங்கி என்கூட வந்தான். என்னை விட்டு இருக்க மாட்டான் பாத்துக்கிடுங்க.

தம்பி, நீங்க பயிற்சிக்குப் போயிருக்கீங்களா? போயிராதீங்க.

சுத்திச் சுவரு. வெளியில ஒரு டீ குடிக்கப் போக முடியாது, கேட்டுல பூட்டு. காலையில எந்திரிச்சதும் யோகாசனம். தொப்பையை வச்சுக்கிட்டு ஒருத்தனுக்கும் குனிய முடியல. அப்புறம் உப்புமா. அப்புறம் வகுப்பு. வகுப்பெடுக்கிறவர் ரிட்டயர் ஆன இஞ்சினியரு, நல்ல மனுசன், ஆனா அவர் பேசுனா மின்விசிறிக்கே கொட்டாவி வரும். ஆக்சிலேட்டரை எப்படி மிதிக்கணும்? காலுக்கடியில முட்டை இருக்குன்னு நினைச்சு மிதிக்கணும். காலையில முட்டை. சாப்பாட்டுக்கு அப்புறம் முட்டை. மறுநாளும் முட்டை. ஆனா சாப்பாட்டுல மட்டும் முட்டை கிடையாது, தினமும் சாம்பார். ஒவ்வொரு வார்த்தைக்கும் "என்ன, புரிஞ்சுதா?"ம்பார். எல்லாரும் புரிஞ்சுது சார்ம்போம். பாதிப் பேரு தூக்கத்துல சொல்லுவான். டிரைவரு தூங்குனா தலை சாயாது தம்பி. முதுகு நேரா இருக்கும், கை தொடை மேல ஸ்டியரிங் பிடிச்ச மாதிரி வட்டமா இருக்கும். பாத்தா கவனிக்கிற மாதிரியே இருக்கும்.

சுவத்துல படம் போட்டுக் காட்டுவாங்க. அந்த லைட்டு மங்கல். எனக்கு ஒரே பனியாத் தெரிஞ்சுது. நான் நாலாவதோட நின்னவன், எழுத்துன்னா கொஞ்சம் மெதுவாத்தான் வாசிப்பேன். அதனால திரவியம் பக்கத்துல உக்காந்து காதுக்குள்ள சொல்லுவான். படத்துல என்ன இருக்குன்னும் சொல்லுவான். அண்ணாச்சி, ஒரு லாரி வளைவுல முந்துது. அண்ணாச்சி, ஒரு கிழவி ரோட்டைக் கடக்கா. அவனுக்கு வேற அறையில வகுப்பு. அதுக்குப் போகாம என்கூட உக்காந்து, அந்த வாத்தியார்கிட்ட ஏச்சு வாங்குனான். மெசினுக்குப் பயம் அவனுக்கு.

அந்த வகுப்புல வந்தவன் பூராவும் ஏதாவது ஒரு கேஸ் உள்ளவன். ஒருத்தன் கடைக்குள்ள வண்டியை விட்டவன். ஒருத்தன் ரயில்வே கேட்டை முறிச்சவன். சேத்தூர்க்காரர் ஒருத்தர், சுந்தரபாண்டியன்னு பேரு, என் பக்கத்துக் கட்டில், அவர்தான் சொன்னார்: "இங்க வாரதே வண்டியைப் பிடுங்குறதுக்குத்தான் ஓய். கடைசி நாளு கண் டாக்டர் வருவாங்க. அதுல போச்சுன்னா ஸ்டியரிங்கைத் தொட முடியாது." நான் சொன்னேன், நம்மளை அனுப்புனது வேற விசயம், நல்ல டிரைவர்னு. அவர் பீடி பத்த வச்சார்.

அன்னையில இருந்து சோறு இறங்கல தம்பி. கண்ணுக்குப் பயந்து இல்ல. என் கண்ணு கழுகுக் கண்ணு. பரீட்சைக்குப் பயந்து. பரீட்சைன்னு வந்துட்டா நல்லாப் படிச்சவனே தடுமாறுவான், நான் நாலாவது. போச்சுன்னு வைங்க, டிப்போ கேட்டுல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சிருவாங்க. வண்டி உள்ள வரும்போது கம்பைத் தூக்கணும், போகும்போது தூக்கணும். என் வண்டியில இன்னொருத்தன் உக்காந்து போவான், நான் அவனுக்குக் கம்பைத் தூக்கணும். ஆலங்கிணத்துல அவன் பேரைச் சொல்லி, வண்டி போயிட்டா?ன்னு கேப்பாங்க. அதுக்கு நான் செத்துப்போகலாம்.

திரவியத்துக்கிட்டச் சொன்னேன். அந்தப் பலகையில என்ன இருக்கும்னு விசாரிச்சுட்டு வந்தான். எழுத்துத் தெரியாதவங்களுக்குன்னு தனிப் பலகையாம். மூணு காலு உள்ள சீப்பு மாதிரி ஒரு குறி. காலு மேல பாத்திருக்கா, கீழ பாத்திருக்கா, இடமா, வலமான்னு சொல்லணும். மேல இருக்கிறது பெருசு, கீழ வர வரப் பொடிசாகும்.

நான் சொன்னேன், இது நம்ம தொழிலுதானவே. நீ ஜன்னலுக்கு வெளியில நில்லு. பஸ்ஸைத் தட்டுற மாதிரி ஜன்னல் கதவைத் தட்டு. ஒரு தட்டு இடம், ரெண்டு தட்டு வலம், மூணுன்னா மேல, நாலுன்னா கீழ. விசில் ஊதுனா தெரிஞ்சுபோகும், தட்டுனா தெரியாது.

அவன் கையில இருந்த விசிலை உருட்டிக்கிட்டே இருந்தான்.

"அண்ணாச்சி, ஊருக்குப் போயி கண்ணைக் காட்டிருவமா? இப்ப எல்லாம் ஆபரேசன் லேசு. முடிச்சுட்டு திரும்ப வண்டியை எடுக்கலாம்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நல்ல கண்ணுல எவனாவது கத்தி வைப்பானா? என் சித்தப்பாவை ஒரு முகாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, வரும்போது ஆளைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். உனக்கு உதவி செய்ய மனசு இருக்கா இல்லையான்னு கேட்டேன். விசிலைப் பையில போட்டான். சரின்னான்.

சாயங்காலம் மைதானத்துல பழகுனோம். பழைய பேப்பர்ல கரியை வச்சு அந்தச் சீப்பைப் பெருசும் சிறுசுமா வரைஞ்சு வேப்பமரத்துல மாட்டினான். நான் தள்ளி நின்னேன். அவன் ஒரு தகரத்தைத் தட்டினான். ஒன்னுகூட தப்பல தம்பி. தட்டு விழுகுறதுக்குள்ள பதில். சுந்தரபாண்டியன்கூட அசந்துட்டார்.

திடீர்னு தட்டுறதை நிறுத்திட்டான். நான் நிக்கேன். அவனும் நிக்கான்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நீ தட்டலையேவே."

"தட்டாமச் சொல்லுங்க."

இது என்ன பேச்சு? தட்டாம எப்படிச் சொல்லுறது? நான் அதையே திருப்பிச் சொன்னேன், நீ தட்டு, நான் சொல்லுதேன்னு. அவன் தகரத்தைக் கீழ போட்டுட்டு, குழாயடியில போயி மூஞ்சியைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். வேர்வை போல. வெயிலு இல்ல, ஆனாலும் அவனுக்கு வேர்க்கிற உடம்பு.

மறுநாள் வகுப்புல நானும் அவனும் பேசல. இஞ்சினியரு முட்டையைப் பத்திச் சொல்லிக்கிட்டிருக்காரு. எனக்கு உள்ள இஞ்சின் ஓடுது. இவன் தட்டுவானா மாட்டானா? ஓரக்கண்ணால பாக்கேன், அவன் சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கான். படம் மாறுது, என் காதுல ஒன்னும் சொல்லல. எனக்கு அன்னைக்குப் படமே ஓடாத மாதிரி இருந்துச்சு. மத்தியானம் சாப்பிடும்போது மட்டும் ஒன்னு கேட்டான், அந்த மஞ்சள் உடுத்துன புள்ளை பேரு தெரியுமான்னு. தெரியாதுன்னேன். ரேவதின்னான். நம்ம வண்டியிலதான் பள்ளிக்கூடம் போகுமாம், அன்னைக்குக் காலையில நாம லேட்டுன்னு சைக்கிளை எடுத்துச்சாம். இதை எதுக்கு என்கிட்டச் சொல்லணும்? பரீட்சை நேரத்துல மனசைக் கலைக்கான்.

கடைசி நாளும் வந்துச்சு. நீளமான அறை. அந்தக் கோடியில பலகை. டாக்டரம்மா சின்னப் பொண்ணுதான். ஒரு ஆளு குச்சியை வச்சுத் தொட்டுக் காட்டுறான். எனக்கு முன்னால சுந்தரபாண்டியன் போனார். வெளிய வரும்போது சட்டைப் பையில இருந்த பீடிக்கட்டை எடுத்து என் கையில குடுத்துட்டு, நீரே வச்சுக்கிடும்னு சொல்லிட்டுப் போனார். போச்சு போல.

என்னைக் கூப்பிட்டாங்க. கோட்டுல நின்னேன். ஜன்னலை ஒரு தடவை பாத்தேன். ஒரு ஆளு நிக்குற மாதிரி இருந்துச்சு. காக்கி. சரி, வந்துட்டான்.

முதல் குறி பெருசு. அது எனக்கே தெரிஞ்சுது, மேலன்னேன். டாக்டரம்மா உம்முன்னாங்க. ரெண்டாவது, ஜன்னல்ல ஒரு தட்டு. இடம்னேன். உம். அடுத்தது நாலு தட்டு. கீழன்னேன். உம். எனக்கு மூச்சு வந்துட்டு தம்பி. முதுகு நிமிந்துட்டு. இனிமே ரோடு நேர்ரோடுன்னு நினைச்சேன்.

குச்சி கீழ இறங்குச்சு. தட்டு வரல.

நின்னேன். வரல. ஒரு வேளை கேக்கலையோன்னு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேக்கு. எந்தப் பக்கம் ஐயான்னாங்க டாக்டரம்மா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கன்னாங்க. நான் எப்படிச் சொல்லுவேன்?

நீங்க பஸ்ஸுல போயிருப்பீங்க, ஆனா இது உங்களுக்குத் தெரியாது. டிரைவருக்கு ரோடு காலியா இருக்கலாம். நேரம் ஆயிருக்கலாம். பின்னால நிக்குற வண்டிக்காரன் ஆரன் அடிச்சு உயிரை வாங்கலாம். பெரிய அதிகாரியே வந்து எடுய்யான்னு சொல்லலாம். விசில் வராம வண்டியை எடுக்கக் கூடாது. படியில யாராவது ஒரு காலை வச்சிருப்பாக. அது டிரைவருக்குத் தெரியாது, கண்டக்டருக்குத்தான் தெரியும். எத்தனை வருசம் அப்படியே ஓட்டியிருக்கேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்துச்சு. அறையில நிக்கோம், டாக்டரு இருக்காங்க, எல்லாம் மறந்துபோச்சு. பின்னால திரும்பிக் கத்திட்டேன்.

"விசில் குடுவே!"

வரிசையில நின்ன டிரைவர் பயலுக சிரிச்சானுக. அப்புறம் சிரிப்பு அப்படியே நின்னுட்டு. ஏன்னா ஜன்னல்ல இருந்து அவன் குரல் வந்துச்சு. கண்டக்டர் குரல்தான், கூட்டத்துக்கு மேல கேக்குற குரலு, ஆனா உடைஞ்சுபோயிருந்துச்சு.

"படியில ஆள் இருக்கு, அண்ணாச்சி. எடுக்காதீங்க."

என் வலதுகாலு தரையை அழுத்துச்சு தம்பி. பிரேக்கு இல்லாத இடத்துல பிரேக்கு மிதிச்சேன்.

டாக்டரம்மா ஏசல. எந்திரிச்சுக் கிட்ட வந்து, என் தாடையைப் பிடிச்சு நிமித்தி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. ரெண்டு கண்ணுலயும் புரை முத்தியிருக்கு ஐயா, ஒரு வருசமா எப்படி வண்டி ஓட்டுனீங்கன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், நல்லா ஓட்டுனேன்மா, என் கண்டக்டரைக் கேளுங்கன்னு. அவன் ஜன்னல்ல இல்ல. ஆபரேசன் பண்ணிட்டு வாங்க, திரும்பப் பாப்போம், சரியா இருந்தா வண்டி உண்டுன்னாங்க. டார்ச்சை அப்படி மூஞ்சியில அடிச்சா எந்தக் கண்ணுலதான் புரை தெரியாது?

திரும்பி வரும்போது நான் அவனோட ஒரு வார்த்தை பேசல. பஸ்ஸுல ஒரே சீட்டு. எவனோ ஓட்டுறான். அவன் பேசுனான், நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு வந்தேன். ஜன்னல்ல ஒன்னும் தெரியல, ஒரே வெளிச்சமா இருந்துச்சு. அவன் எனக்குச் செஞ்சதை என் பகையாளி செய்ய மாட்டான். தட்ட முடியாதுன்னா முதல்லயே சொல்லணும். ரெண்டு குறிக்குத் தட்டி ஆசை காட்டிட்டு, அடுத்ததுல கையை எடுக்கிறவன் மனுசனா? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் டிப்போ கேட்டு. ஸ்டூலு. கம்பைத் தூக்குனேன். என் வண்டி வரும், சின்ன வயசுப் பய ஓட்டிட்டு வருவான். சத்தத்தை வச்சே தெரியும் எனக்கு, மூணாவது கியர்ல ஒரு சிணுங்கல் உண்டு அதுக்கு. திரவியம் பழையபடி பின் சீட்டுல உக்காந்து வாரான்னு சொன்னாங்க. மெர்சியும் நம்ம வண்டியிலதான் இப்ப வருதாம். ஸ்பெசல் கிளாசு முடிஞ்சுபோச்சு போல. கேட்டுல வண்டி நிக்கும்போதெல்லாம் திரவியம் இறங்கி வந்து என் பக்கத்துல நிப்பான். நான் கம்பைப் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு மாசம் அப்படி.

அப்புறம் ஒரு நாள் வந்து கம்பைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அண்ணாச்சி, எனக்கும் வலது கண்ணு மங்கிட்டு, டிக்கெட்டுல நம்பர் தெரியல, வீட்டுல சொல்லல, தனியாப் போகப் பயமா இருக்கு, நீங்க கூட வாங்கன்னான். என் மனசு எப்படி இருந்திருக்கும்? அடுத்தவன் கண்ணைப் பிடுங்குனா தன் கண்ணு போகும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. ஆனா கேட்டு வந்துட்டான், தள்ளவா முடியும். கூட்டிட்டு வந்தேன். போன வாரம் ஒரு தடவை வந்தோம், அவனுக்கு முன்னால என்னைச் சோதிச்சாங்க, துணைக்கு வாரவங்களுக்கும் பாப்பாங்களாம். இன்னைக்கும் வந்தோம். ரோட்டைக் கடக்கையில பய என் கையை விடல, அப்படிப் பயம். லாரி வந்தா அவன்தான் முதல்ல இழுக்கான்.

இருங்க, அந்தச் செருப்புச் சத்தம் அவன்தான்.

வாவே, வா. அதுக்குள்ளயா முடிஞ்சுபோச்சு? இப்பத்தான போனே. குடிச்ச டீ சூடு ஆறல. எங்க, குனி பாப்போம். ஆமா தம்பி, பஞ்சு வச்சுப் பிளாஸ்திரி ஒட்டியிருக்காங்க, தடவிப் பாத்தாத் தெரியுது. வலிச்சுதாவே? எறும்பு கடிச்ச மாதிரித்தானா? சும்மா சொல்லாத. நிசமாவா?

ஏவே, நில்லு. வலது கண்ணுன்னுல்லா ஒரு மாசமாப் புலம்புன. இது இடது கண்ணுல்லா. பாத்தீங்களா தம்பி, வலதுக்கு வந்தவனுக்கு இடதுல வெட்டி அனுப்பியிருக்காங்க. என்ன ஆஸ்பத்திரி இது? எங்கவே அந்த நர்ஸம்மா? நான் இங்க ஒரு நிமிசம் இருக்க மாட்டேன். என் சட்டையை எங்க வச்சாங்க?

என்ன சொல்லுதான் கேட்டீங்களா தம்பி? நான் அவனுக்கு எதுத்தாப்புல இருக்கேனாம், எதுத்தாப்புல இருந்தா இடமும் வலமும் மாறித்தான் தெரியுமாம், எந்திரிச்சு அவன் பக்கத்துல திரும்பி நின்னு தொட்டுப் பாக்கணுமாம். சரி, பிடிவே, எந்திரிக்கேன். மெதுவா. திரும்பிட்டேன். என்னவே கிழியிற சத்தம்? ஒன்னும் இல்லையா, சரி. இங்க குடு மூஞ்சியை.

ஆமா தம்பி. வலதுலதான் இருக்கு. பிளாஸ்திரிதான் ஒரு ஓரம் ஒட்டாமத் தூக்கிக்கிட்டு நிக்கு.